லிங்கசாமி ஊட்டு ரயில்

ஸ்டெபிலைசரின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அது உள்ளுக்குள் டக்கென்று செருமிக்கொண்டதும் ஆம்பிளிஃபயரின் சுவிட்ச். ஆம்பிளிஃபயர் லேசாகச் சூடு ஏறும்வரை லிங்கசாமி வேறு எதையும் தொடமாட்டார். அதற்குள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பார். ஃபேனை நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்த கையோடு, முதலிபாளையத்தில் அவர் வீட்டு ஹாலில் இந்தப் பூசை நடக்கும். நடை திறக்க இவ்வளவு சடங்கு செய்கிற கோயில் அந்த வட்டாரத்தில் இல்லை.

அதே நேரத்தில் எஸ்டேட் முக்கு டீக்கடையில் அவரைப் பற்றிய பேச்சும் சூடேறிக்கொண்டிருக்கும். பேச்சு இதுதான்: லிங்கசாமி வாஸ்து பார்த்துத் தன் பாட்டுப் பெட்டிகள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்; வைத்த மறுநாளே மகனுக்குப் பெண் அமைந்தது; கைவிட்டுப் போன ஆர்டர் வீடு தேடி வந்தது. வாஸ்துக்காரர் பாலக்காட்டிலிருந்து வந்தார் என்று வடைக்காரர் சொல்வார். இல்லை, சிங்கப்பூரிலிருந்து போனிலேயே பார்த்துச் சொன்னார் என்று டெம்போ டிரைவர் திருத்துவார். இதை நம்பி அந்தத் தெருவில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் பாதி, வலப்பக்கத்துப் பெட்டியை இடப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துப் பெட்டியை வலப்பக்கத்துக்கும் மாற்றிவிட்டது. விசேஷ வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்கூட ஒரு காதுகுத்தில் பந்தலையே திருப்பிப் போட்டதாகக் கேள்வி.

வதந்தியைக் காதில் வாங்கிக்கொண்டு விசாரிக்காமல் இருப்பது பாவம். விசாரித்ததில், வாஸ்துக்காரர் என்று யாரும் வரவில்லை. பாலக்காட்டிலிருந்தும் வரவில்லை, சிங்கப்பூரிலிருந்தும் வரவில்லை. வந்தது ஒரு ரயில்.

லிங்கசாமியின் தொழில் குற்றம் கண்டுபிடிப்பது. பனியன் கம்பெனிகள் தைத்து அனுப்பும் சட்டைகளை அவருடைய ஷெட்டில் மேசை மேசையாகப் பரப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, தேய்த்து, மடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். குற்றம் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். செக்கிங் டேபிளில் அதுதான் நீதி, அதுதான் தீர்ப்பு.

இந்த ஸ்டிக்கர்களில் ஒரு பட்டை லிங்கசாமியின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஷெட்டை விட்டு வெளியே வந்தாலும் கை சும்மா இராது. காலண்டரில் தவறாக அச்சான அமாவாசைக்கு ஓர் அம்பு. மருந்துக்கடை போர்டில் விட்டுப்போன துணைக்காலுக்கு ஓர் அம்பு. மனிதர்களைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலர் தையலைப் பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரரின் சட்டைக் கீழ்மடிப்பைப் புரட்டிப் பார்த்து, “இது எந்தக் கம்பெனிங்க? ஊசி மாத்தவே இல்ல போலிருக்குதுங்க” என்று அனுதாபமாகக் கேட்பார். கேட்கப்பட்டவருக்கு அதன்பின் பாயசம் இறங்காது.

ஊரில் உள்ள அத்தனை குற்றத்தையும் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணுக்கு, குற்றமே இல்லாததாக உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அவருடைய ஸ்டீரியோ. இளவயதில் கோயமுத்தூரில் ஆள் வைத்து அசெம்பிள் செய்த ஆம்பிளிஃபயர். பல்லடத்து ஆசாரி பிளைவுட்டில் செய்து கொடுத்த, மார்பு உயரத்துக்கு நிற்கும் இரண்டு பெட்டிகள். முகத்துக்கு, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று ரத்து செய்த ஓர் ஆர்டரிலிருந்து மிஞ்சிய மெரூன் நிறத் துணி. தனியாக இருந்த காலத்திலிருந்து கூடவே வந்தவை. இந்துமதிக்குத் தாலி கட்டிக் கூட்டிவந்த டெம்போவில் அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தவையும் அவைதான். அதை இந்துமதி இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் லிங்கசாமி புது வீடு கட்டினார். இந்துமதியின் தம்பி கந்தப்பன் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். ஒரு பக்கம் தேங்காய், இன்னொரு பக்கம் காற்றாலைக்காரர்கள் தரும் குத்தகை என்று காற்றிலும் காசு காய்க்கும் மனிதர். புதுமனைப் புகுவிழாவுக்குச் சீராக ஒரு ஹோம் தியேட்டர் கொண்டுவந்து இறக்கினார். பெரிய டி.வி., கன்னங்கரேலென்று ஒரு ரிசீவர், சுற்றிலும் மாட்டுவதற்குக் கைக்கு அடக்கமான ஸ்பீக்கர்கள், தரையில் வைக்க உறுமுகிற பெட்டி ஒன்று. கடைக்காரர்களே வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். பால் காய்ச்ச வந்த கூட்டம் பாலை மறந்துவிட்டு அதைப் பார்த்தது.

“சோப்பு டப்பா” என்றார் லிங்கசாமி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றின்மேல் மறுநாள் ஓர் அம்பு ஒட்டியிருந்தது.

ஹால் ஒன்று, செட் இரண்டு. இந்த நிலைமை எத்தனை நாள் ஓடும்? மகனுக்கு சாமளாபுரத்தில் ஒரு பெண் பேசி, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக நாள் குறித்ததும் இந்துமதி இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டாள்.

“ஏனுங்க, ஒறம்பரை வந்தா உக்கார எடம் வேணுமில்லீங்களா? ஒண்ணு அந்தப் பொட்டிய எடுங்க, இல்ல இந்தப் பொட்டிய எடுங்க. எந்தம்பி குடுத்த சீர எடுத்தா என்ன ஆகும்னு நாஞ் சொல்லோணுமா?”

இதற்குப் பெயர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. கந்தப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார்.

“மச்சான், அந்தப் பொட்டி ரெண்டையும் நான் தோப்புக்கு ஏத்திக்கறனுங்க. முன்னால ஓட்டை நல்லாப் பெருசா இருக்குது. கோழி அடைக்கத் தோதுங்க.”

லிங்கசாமி சரக்கு வாங்கும் எத்தனையோ பையர்களிடம் எத்தனையோ வசவு வாங்கியவர். ஒரு கண்டெய்னர் சரக்கு திரும்பி வந்தபோதுகூட அவர் முகம் இப்படிச் சிவக்கவில்லை.

“ரெண்டும் இங்கியேதான் மாப்ள இருக்கும். ரெண்டும் ஒண்ணாப் பாடும்.”

“பழசும் புதுசுமா? அதெப்படீங்க ஒண்ணாப் பாடும்? ஒறம்பரை வர்ற அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாப் பாடிட்டா, நானே வந்து அந்தப் பொட்டிக்கு முன்னால தேங்கா ஒடச்சு சூடம் காட்டறனுங்க. பாடலீன்னா கோழிக்கு. செரிங்களா?”

“செரி மாப்ள.”

இந்துமதி சாட்சி. வேறு சாட்சி தேவையும் இல்லை.

லிங்கசாமி ரிசீவரைத் திருப்பி வைத்து, சட்டையை உள்பக்கம் புரட்டிப் பார்ப்பதுபோல் அதன் முதுகைப் பார்த்தார். சாதாரணமாக இந்த மாதிரி செட்டுகளில், தன் ஸ்பீக்கரைத் தவிர வேறு எவனுக்கும் சத்தம் போகாதபடிதான் செய்து வைத்திருப்பார்கள். கந்தப்பன் கடைக்குள் நுழைந்து, “இங்க வெல எச்சா எதுவோ அதக் குடுங்க” என்று கேட்டு வாங்கியவர். அதனால் பின்பக்கம் இரண்டு ஓட்டை கூடுதலாக வந்திருந்தது. ‘ப்ரீ அவுட்’ என்று பெயர். முன்பக்கத்துச் சத்தத்தைப் பச்சையாக வெளியே தரும் ஓட்டைகள். அங்கிருந்து ஒயர் இழுத்துப் பழைய ஆம்பிளிஃபயரின் ‘ஆக்ஸ்’ ஓட்டையில் கொடுத்தால், முன்பக்கத்தைப் பெரிய பெட்டிகள் பாடும். பின்பக்கமும் நடுப்பேச்சும் உறுமலும் சோப்பு டப்பா வகையறாவின் பொறுப்பு. கந்தப்பன் ஜம்பத்துக்காகக் கொடுத்த காசே கந்தப்பனுக்கு எதிராக இரண்டு வாசலைத் திறந்து வைத்திருந்தது.

சொல்வதற்குச் சுலபம். முதலில் மாட்டியதும் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழுந்தது. இரண்டையும் ஒரே ஸ்டெபிலைசரில் சொருகியதும் அடங்கியது. அடுத்தது வால்யூம். புதியதில் ஒரு வால்யூம், பழையதில் ஒரு வால்யூம். ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்டால் என்ன ஆகும்? லிங்கசாமி ஒரு முடிவு எடுத்தார். படம் ஓடும்போது பழையது ஓர் அளவில் நிற்கவேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் புதியதின் ரிமோட் வேலை. வெறும் பாட்டு கேட்கும்போது புதியதைத் தூங்கவிட்டு, பழையது தன் இஷ்டம்போல் பாடலாம். அந்த ஓர் அளவு எது என்பதில்தான் மூன்று சாயங்காலம் போயிற்று.

“உடம்பும் கையும் ஒரே சாயத்துல இருக்கோணும் இந்து. உடம்பு ஒருக்காச் சாயம் போட்ட லாட்டு, கை வேற லாட்டுன்னா வெளிச்சத்துல பல்லிளிச்சுப் போயிரும். அதே கதைதான். முன்னால வர்ற சத்தம் உடம்பு, பின்னால வர்ற சத்தம் கை. ஷேடு மேட்ச் ஆகோணும்.”

ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘ஷ்ஷ்’ என்று சீறிக் காட்டியது. லிங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப எது எச்சாக் கேக்குது?”

“குக்கருங்க” என்றாள் இந்துமதி அடுக்களையிலிருந்து.

கடைசியில் ஒரு நிலையில் வால்யூம் திருகு நின்றது. அதற்கு நேராக ஆம்பிளிஃபயரின் முகத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார். அவர் வாழ்க்கையில் குற்றம் இல்லாத இடத்தில் அம்பு ஒட்டியது அதுவே முதல் தடவை. புது ஹாலில் டைல்ஸ் தரை சத்தத்தைப் பந்துபோல் திருப்பி அடித்தது. பனியன் துணிக் கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தலையணை உறைகளில் திணித்து, சுவரோரமாகவும் சோபாவிலும் அடுக்கினார். எதிரொலி அடங்கிற்று. திண்டு தைக்கக் கொடுக்கவேண்டிய வேலை மிச்சம் என்று இந்துமதியும் அடங்கினாள்.

பெண் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே கந்தப்பன் வந்துவிட்டார். அடுக்களைக்கு ஒரு சாக்குத் தேங்காய் வழக்கம்போல் இறங்கியது. மோர் டம்ளரோடு சோபாவில் சாய்ந்தார். “எங்கீங் மச்சான், பாடச் சொல்லுங்க.”

ரிசீவரோடு வந்த மாதிரி டி.வி.டி. ஒன்று இருந்தது. அதில் ஒரு ரயில். திரையின் இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, வலப்பக்கமாக ஓடி மறையும். லிங்கசாமி பழையதின் திருகை அம்புக்கு நேராக வைத்தார். ரிமோட்டை அழுத்தினார்.

பழைய பெட்டிகள் வாயைத் திறந்தன. சோப்பு டப்பாக்களால் கனவிலும் தரமுடியாத சத்தம். தண்டவாளம் தரைக்குள் ஓடியது. ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றை ஒன்று கூப்பிட்டன. கந்தப்பனின் கையிலிருந்த மோரில் வளையம் வளையமாக அலை. லிங்கசாமி திரும்பி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் திரையைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏனுங் மச்சான், ரயிலு ஊத்துக்குளிப் பக்கம் போகுது, சத்தம் கோயமுத்தூருக்கில்ல போகுது! அதுல ஏறுனவன் எங்கீங்க போய் எறங்குவான்?”

மறுபடி போட்டுப் பார்த்தார்கள். உண்மைதான். ரயில் இடமிருந்து வலம், சத்தம் வலமிருந்து இடம். எஞ்சின் ஒரு சுவரில் இருக்க, கூவல் எதிர்ச் சுவரில் கேட்டது.

“டிஸ்க்குல கோளாறு மாப்ள.”

“ஆமாங்க. எம்பட சோப்பு டப்பாவுல கேட்டப்ப ரயிலு ஒழுங்காத்தான போச்சு? இப்பத்தான் டிஸ்க்குக்குக் கோளாறு வந்துருக்குது.” சோப்பு டப்பா என்று யாருக்கும் கேட்காமல் சொன்னது உடுமலைப்பேட்டை வரை கேட்டிருக்கிறது! “நாளைக்கு ஒறம்பரை போனதும் ஏத்திக்கறனுங்க. கோழிங்ககிட்டச் சொல்லி வெச்சிட்டேன், புது ஊடு வருதுன்னு.”

லிங்கசாமி செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். செருப்பு ஜோடி மாறியிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஷெட்டில் வேறொரு அநியாயம் காத்திருந்தது. நாகஜோதி என்று விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண். அவள் மேசையில் ஒதுக்கி வைத்த சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றின் மார்பிலும் சிவப்பு அம்பு.

“ஏங் கண்ணு, இத்தன பீஸுக்கும் எதுக்கு ஸ்டிக்கர் ஒட்டிருக்கற?”

“பிரிண்டு எடம் மாறிக் கெடக்குல்ல அண்ணாச்சி. சீட்டுல லெப்ட் செஸ்ட்டுன்னு போட்டுருக்கு. இங்க பாருங்க, அம்புட்டையும் ரைட்டுல அடிச்சு வச்சுருக்காங்க.” ஒரு சட்டையை மேசையில் மல்லாத்தி, தன் வலது கைப் பக்கம் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அட, லெஃப்ட்டுன்னா உம்பட லெஃப்ட்டா? போட்டுக்கறவனோட லெஃப்ட்டும்மா! சட்டை உன்னயப் பாத்துட்டுப் படுத்திருக்குது. அதோட நொட்டாங்கை, உம்பட சோத்தாங்கைப் பக்கந்தான் வரும். இருவத்தஞ்சு வருசமா எங்கண்ணு அப்பிடியேதான் பாக்குது. எதிர்க்க நின்னுட்டு நம்மளப் பாக்கற எதுவா இருந்தாலும் லெஃப்ட்டுன்னா...”

வாக்கியம் அங்கேயே நின்றது. நாகஜோதி காத்திருந்தாள். அடுத்த மேசைக்காரர்களும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

எதிரே நின்று தன்னைப் பார்க்கும் இரண்டு பெட்டிகள் லிங்கசாமியின் கண்ணில் வந்து நின்றன. ஆம்பிளிஃபயரின் முதுகில் ‘லெஃப்ட்’ என்று எழுதியிருந்த ஒயரை இளவயதில் எந்தப் பெட்டிக்குக் கொடுத்தார் என்பதும் ஞாபகம் வந்தது. வலது கைப் பக்கத்துப் பெட்டிக்கு. லெஃப்ட் செஸ்ட் அங்கேதானே இருக்கும்? சட்டைக்குச் சட்டை அப்படித்தானே? ஆனால் பாட்டுப் பெட்டி பனியன் போடுவதில்லை. அதற்கு லெஃப்ட் என்றால் சோபாவில் உட்கார்ந்து கேட்கிறவனின் லெஃப்ட். திருப்பூர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்யமுடியாத தப்பு. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் வயலின்காரரும் தபேலாக்காரரும் இடம் மாறி உட்கார்ந்தே வாசித்திருக்கிறார்கள். பாட்டில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று எவன் கண்டான்? கண்ணுக்குத் தெரிகிற ஒரு ரயில் வந்துதான் காட்டிக்கொடுத்தது.

லிங்கசாமி அந்தச் சட்டையிலிருந்த அம்பை மெல்ல உரித்தார். தன் சட்டையில், இடது மார்பில், ஒட்டிக்கொண்டார். “மத்ததுல இருக்கறத எல்லாம் எடுத்துரு கண்ணு. பீஸு எல்லாம் ஓகே” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். முதலாளிக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நாகஜோதி பக்கத்து மேசையில் சொன்னாள்.

வேலை ஒரு நிமிஷ வேலை. ஆம்பிளிஃபயரின் பின்னால் கைவிட்டு இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. ஆனால் ஹாலில் கந்தப்பன் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்முன்னால் ஒயரை மாற்றிச் சொருகுவது என்றால், இருபத்தைந்து வருஷமாகச் சொருகியிருந்தது தப்பு என்று தேங்காய் உடைத்துச் சொல்வதற்குச் சமம். ஊருக்கெல்லாம் அம்பு ஒட்டுகிறவன் அதை எப்படிச் செய்வான்? லிங்கசாமி பேக்கிங் செக்‌ஷனிலிருந்து தாட்டியான ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

“என்னங் மச்சான், பொட்டிய வண்டீல ஏத்தறதுக்கு இன்னைக்கே ஆளா?”

“இல்ல மாப்ள. எடம் மாத்தறோம். அந்தப் பொட்டி இக்கட்டால, இந்தப் பொட்டி அக்கட்டால.”

“ரெண்டும் ஒண்ணாட்டத்தான இருக்குது? மாத்தி என்னங்க ஆகப்போகுது?”

லிங்கசாமி சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அங்கே பதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. “வாஸ்து மாப்ள” என்றார்.

கந்தப்பன் மோர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். தோப்பில் பம்பு ரூமை வாஸ்துவுக்காக மூன்று தடவை இடித்துக் கட்டியவர் அவர். எதைக் கிண்டல் செய்தாலும் அதை மட்டும் செய்யமாட்டார்.

அடுக்களை வாசலில் இந்துமதி நின்றிருந்தாள். கணவனின் சட்டையில் ஒட்டியிருந்த அம்பைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், “ஏனுங்க, ஒயர மட்டும் மாத்திச் சொருவுனாப் பத்தாதுங்களா?” என்றாள்.

“இருவத்தஞ்சு வருசம், இந்து” என்றார் லிங்கசாமி, அதைவிடத் தணிந்த குரலில்.

இந்துமதி ஒரு நொடி யோசித்தாள். டெம்போவில் தனக்கு முன்னால் ஏறிய பெட்டிகள். கோழிக்கூண்டு என்று தம்பி சொன்னபோது கணவனின் முகம் போன போக்கு. பிறகு தம்பிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“நான்தான் அன்னைக்கே சொன்னனுங்களே, வடமேக்குல இருக்கற பொட்டி தென்மேக்குக்குப் போகோணும்னு! நீங்க எங்க காதுல வாங்குனீங்க?”

அந்த வீட்டில் வாஸ்து சாஸ்திரம் பிறந்தது அப்போதுதான்.

ஆட்கள் பெட்டிகளைத் தூக்கினார்கள். ஒயரைக் கழற்றப் போன ஒருவனை லிங்கசாமி தடுத்தார். “கவுற அவுக்காத! மாடு போறப்ப கவுறோடதான் போகோணும்!” ஒயர் வால்கள் பின்னால் இழுபட, பெட்டிகள் இரண்டும் ஹாலின் நடுவில் ஒன்றையொன்று கடந்து இடம் மாறின. ரயிலை மட்டும் அப்போது அவர் போட்டுக் காட்டவில்லை. “நாளைக்கு” என்றார். நல்ல சரக்கை எப்போது பிரிக்கவேண்டும் என்று தெரிந்த வியாபாரி.

மறுநாள் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா மகுடேஸ்வரன் விசைத்தறிக்காரர். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவர். காது பாதிதான் வேலை செய்யும் என்பதால் தொண்டை இரண்டு மடங்கு வேலை செய்யும். “ஊடு நல்லாருக்குதுங்க!” என்று அவர் வாசலில் சொன்னது அடுத்த தெருவில் ஒரு நாயை எழுப்பியது. கந்தப்பன் லிங்கசாமியின் காதருகே குனிந்தார். “இவருக்கா மச்சான் போட்டுக் காட்டப்போறீங்க? இடியே உழுந்தாலும் யாரோ கதவத் தட்டறாங்கம்பாரு.”

லிங்கசாமி ஸ்டெபிலைசரின் தலையில் தட்டினார். வேட்டியை இறக்கிவிட்டார். வாசலில் கிடந்த உறவுக்காரர்களின் செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்தார். மாப்பிள்ளையின் அப்பாவே செருப்பு அடுக்குவதைப் பார்த்துப் பெண்ணின் அத்தைகளுக்கு மனது நிறைந்துவிட்டது. ஃபேன் நின்றது. திருகு அம்புக்கு நேராக வந்தது.

ரயில் கிளம்பியது.

முதலில் இடப்பக்கச் சுவருக்கு அப்பால் எங்கோ ஒரு கூவல். சோபாவில் இருந்த தலைகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பின. அங்கிருந்து எஞ்சின் ஹாலுக்குள் நுழைந்தது. தலைகள் அதன் பின்னாலேயே வந்தன, நடுவுக்கு வந்தன, வலப்பக்கம் போயின. தேரோடும்போது கூட்டம் திரும்புவதுபோல் ஒன்றாக, ஒரே வேகத்தில். மகுடேஸ்வரனின் தலையும் திரும்பியது. தலை திரும்பியதோடு நிற்காமல் மனிதர் எழுந்தார். வலப்பக்க ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்தார். கடைசிப் பெட்டி போய்விட்டதா என்று.

வெளியே முருங்கை மரம்தான் இருந்தது.

“எங்கூட்டுல தறிச் சத்தம் ஒரே எடத்துலயே கெடக்குமுங்க!” என்று ஊருக்கே கேட்கச் சொன்னார் மகுடேஸ்வரன். “இங்க சத்தம் நடக்குதுங்க! எங்காதுல பாட்டு உழுந்து எத்தன காலமாச்சுன்னு எங்கூட்டுக்காரிகிட்டக் கேளுங்க! இன்னொருக்காப் போடுங்க!”

இன்னொருக்காப் போட்டார்கள். ரயிலுக்குப் பிறகு ரிசீவரைத் தூங்கவிட்டு, பழைய செட்டில் ஒரு நாதஸ்வர கேசட். தவில் எந்தப் பக்கம் இருக்கவேண்டுமோ அந்தப் பக்கத்தில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, உட்கார்ந்து வாசித்தது. ஓரக்கண்ணால் லிங்கசாமி மைத்துனரைப் பார்த்தார். ரயில் போனபோது கந்தப்பனின் தலையும் இடமிருந்து வலம் போயிருந்தது. அது இன்னும் வலப்பக்கத்திலேயே, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. திருப்பினால் மச்சானின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும்.

“இவ்வளவு பெருசு எதுக்குங்க ஊட்டுக்குள்ள?” என்று அத்தைகளில் ஒருத்தி பெட்டிகளைக் காட்டிக் கேட்டாள்.

“அதுங்க ரெண்டும் எனக்கு முன்னாலயே இந்த ஊட்டுக்கு வந்ததுங்க” என்றாள் இந்துமதி, வெற்றிலைத் தட்டை நீட்டியபடி. “மூத்தாளுங்கள எங்கீங்க அனுப்பறது?” பிறகு, கேட்காமலே வாஸ்து விஷயத்தையும் சொல்லிவைத்தாள். மகுடேஸ்வரன் காதில் விழவேண்டுமே என்று சற்று உரக்கவே சொன்னாள்.

அங்கே தொடங்கியதுதான் வதந்தி. மகுடேஸ்வரன் ஒரு செய்தியைச் சொன்னால் சாமளாபுரத்தில் தறி ஓடும்போதே எல்லோருக்கும் கேட்கும். வதந்தியில் சம்பந்தம் முடிந்தது என்கிற பகுதி நிஜம். வெற்றிலை மாற்றியது அன்றைக்கேதான். ஆர்டர் திரும்பி வந்ததும் நிஜம். ஆனால் அது பெட்டி நகர்வதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. சரியாக மாட்டியிருந்த பெட்டிகளை இதைக் கேட்டு மாற்றி வைத்துக்கொண்டவர்களின் வீடுகளில் இப்போது ரயில் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களில் யாராவது வந்து, “நிசமாவே வாஸ்துதானுங்களா?” என்று கேட்டால், லிங்கசாமி இல்லை என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல் கேட்டவரின் காலரைத் திருப்பிப் பார்ப்பார்.

தேங்காய்தான் இன்னும் உடையவில்லை. கேட்டால் கந்தப்பனிடம் காரணம் தயாராக இருக்கும். முதலில் ஆடி மாதம், ஆகாது என்றார். பிறகு பங்காளி வீட்டில் தீட்டு. பிறகு, ரிசீவரும் சேர்ந்துதானே பாடியது, அப்படியானால் பாதித் தேங்காய்தானே உடைக்கவேண்டும், பாதித் தேங்காயை எப்படி உடைப்பது என்று ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை வைத்திருப்பவர், ஒரே ஒரு தேங்காய்க்குக் கடன்காரர். கல்யாணமே முடிந்துவிட்டது. மருமகள் வந்து, சமையலுக்கு நடுவில், அந்தத் திருகை அம்புக்கு நேராக வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கந்தப்பன் வந்திருந்தார். அடுக்களைக்கு ஒரு சாக்கு இறங்கியது. “நல்ல முத்தின காயிங் மச்சான், குழம்புக்கு ஆகும்” என்றார், குழம்புக்கு என்பதை அழுத்தி. நடுச்சோபாவில் உட்கார்ந்து ரயிலையும் ஒருமுறை கேட்டார். தலை வழக்கம்போல் இடமிருந்து வலம் போய் வந்தது.

லிங்கசாமி எழுந்து போய்ச் சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்தார். இடது காதருகே வைத்து ஆட்டிக் கேட்டார். பிறகு வலது காதருகே வைத்து ஆட்டிக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து அதன் நெற்றியில் ஒட்டி, அம்பு கந்தப்பனைப் பார்த்திருக்கும்படி திருப்பி, டீப்பாயின்மேல் வைத்தார்.